அறிவியல் வரலாற்று அருங்காட்சியகத்தின் வெளிநிலத்தை எப்படி வடிவமைப்பது?

முற்றம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம்.

அறிவியல் வரலாற்றுக்கென உருவாகிவரும் ஓர் அருங்காட்சியகத்தின் வளாகப் பணிகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டிருக்கிறது. கட்டட வேலை முடியும் தறுவாயில் உள்ளது. உள்ளே அமையும் காட்சிக்கூடங்களைப் பற்றி இரண்டு ஆண்டுகளாகப் பலர் கூடிப் பேசி, ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டிக்கும் ஒளி எந்தப் பக்கமிருந்து விழ வேண்டும் என்பது வரை முடிவு செய்துவிட்டார்கள். வெளியே கிடக்கும் நிலத்தைப் பற்றி எவரும் அந்த அளவுக்கு யோசிக்கவில்லை என்பது, சென்ற மாதக் கூட்டத்தில் வரைபடத்தை விரித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

நிலம் மொத்தம் 2.4 ஹெக்டேர். பெரும்பகுதி சமதளம். வடகிழக்கு மூலை மட்டும் தாழ்ந்திருப்பதால் மழைக்குப் பின் இரண்டு மூன்று நாள் அங்கே நீர் தேங்கி நிற்கிறது. மேற்கு எல்லையில் நன்கு முதிர்ந்த பதினொரு மரங்கள் வரிசையாக நிற்கின்றன. கூடங்களுக்குள் கொள்ளாத மூன்று பெரிய பொருள்களை வெளியில்தான் வைத்தாக வேண்டும்: ஒரு நீராவி எந்திரம், பழைய தொலைநோக்கி ஒன்றின் வார்ப்பிரும்புத் தாங்கி, ஒரு நீரேற்றுப் பொறி.

குழுவின் கையில் இருக்கும் வரைவின்படி, வாயிலிலிருந்து கட்டடம் வரை 180 மீட்டர் நீளத்துக்கு நேர்கோட்டில் ஒரு நடைபாதை போடப்படும். அதன் இருபுறமும் அறிவியலாளர்களின் மார்பளவுச் சிலைகள் கால வரிசையில் நிற்கும். பாதை முடியும் இடத்தில் டிஎன்ஏவின் இரட்டைச் சுருளைப் போல வெட்டிவிட்ட வேலிச்செடிகளும், அணுவின் வடிவில் ஒரு நீரூற்றும் இருக்கும். தாழ்ந்த மூலையை மண் கொட்டி மேடாக்கி, எஞ்சிய இடம் முழுவதையும் புல்தரையாக்கி விடுவார்கள். பார்வைக்கு இது நன்றாகத்தான் இருக்கும். ஆனாலும் பெயர்ப்பலகைகளை மாற்றினால் இதே வரைவு எந்த அலுவலகத்தின் முகப்புக்கும் பொருந்திவிடும் என்ற எண்ணம் என்னை விட்டுப் போகவில்லை. இதற்கு மாற்றாகக் குழுவின் முன் எதை வைக்கலாம் என்பதையும், வெளியில் வைக்கும் பொறிகளை எப்படிக் காப்பது என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.


வேர்நிலம்

பொது வளாகங்களுக்கு நில வடிவமைப்புச் செய்துவருகிறேன். எதை நடுவது என்ற பேச்சுக்கு முன் அவசரமாகச் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது: அந்தப் பதினொரு மரங்களைச் சுற்றி இந்த வாரமே வேலி அடையுங்கள். நிலத்திலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் விட்டத்தை அளந்து, அதைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். கிடைக்கும் நீளத்தை ஆரமாகக் கொண்ட வட்டத்துக்குள் வண்டியோ மணல் குவியலோ குழாய்ப் பள்ளமோ வரக் கூடாது. 80 சென்டிமீட்டர் விட்டமுள்ள மரத்துக்கு இது 9.6 மீட்டர். நீரையும் சத்தையும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் அரை மீட்டர் ஆழத்துக்குள் அகலமாகப் படர்ந்திருப்பதால், மேலே ஏறும் பாரம் மண்ணை இறுக்கி, வேருக்குச் செல்லும் காற்றை அடைத்துவிடுகிறது. நான் பணியாற்றிய ஒரு பொதுக் கட்டட வளாகத்தில், நிழலாக இருக்கிறதென்று செங்கல்லையும் ஜல்லியையும் பெரிய மரம் ஒன்றின் அடியில் எட்டு மாதம் குவித்து வைத்தார்கள். திறப்பு விழா நடந்தபோது மரம் பசுமையாகவே நின்றது. மூன்றாம் ஆண்டில் நுனிக் கிளைகள் காய்ந்தன. ஐந்தாம் ஆண்டில் அதை வெட்ட வேண்டியதாயிற்று. கட்டட வேலைக்கும் மரத்தின் சாவுக்கும் தொடர்பு இருப்பதாக அப்போது எவருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் குவியலை அகற்றி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

தாழ்ந்த மூலையை மண் கொட்டி நிரப்ப வேண்டாம். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் நீர். உங்கள் கூரை 1,800 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 40 மில்லிமீட்டர் பெய்யும் ஒரு மழையில் கூரையில் மட்டும் 72,000 லிட்டர் விழும். நீங்கள் மேடாக்கினாலும் அந்த நீர் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். பெரும்பாலும் அது கட்டடத்தின் அடித்தளத்தைத் தேடி வரும். மூலையை இன்னும் சற்றே ஆழப்படுத்தி, அடியில் மணலும் சரளையும் இட்டு, நனைந்தும் காய்ந்தும் தாங்கக்கூடிய கோரை, நாணல் வகைகளை நட்டால் இரண்டொரு நாளில் நீர் மண்ணுக்குள் இறங்கிவிடும். நீர் வரும் வழியை மூடிய குழாயாக வைக்காமல் திறந்த ஆழமில்லா வாய்க்காலாக விடுங்கள். மழை நாளில் வருபவர்கள் நீர் போகும் திசையைக் கண்ணால் காணட்டும்.

பாதைகளைப் பற்றிச் சுருக்கமாக: 20-க்கு 1 என்ற சரிவுக்கு மேல் போகாதீர்கள், இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தால் ஒதுங்காமல் கடக்க 1.8 மீட்டர் அகலம் வேண்டும். உதிரிச் சரளை வேண்டாம், அதில் சக்கரம் புதையும்.


நிழற்கோல்

மேலே சொன்னதை முதலில் செய்யுங்கள். நான் அறிவியல் வரலாறு கற்பிப்பவள் என்பதால், உங்கள் மனத்தை உறுத்தும் அந்தத் தயக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

அறிவியல் அருங்காட்சியகம் வேறு, அறிவியல் வரலாற்று அருங்காட்சியகம் வேறு. முன்னதில், இன்று நாம் ஏற்றிருக்கும் அறிவை விளக்கினால் போதும். பின்னதில், அந்த அறிவுக்கு ஒருவர் எப்படி வந்து சேர்ந்தார், எதைக் கொண்டு அளந்தார், வழியில் எங்கே தவறினார் என்பதெல்லாம் தெரிய வேண்டும். இரட்டைச் சுருளின் வடிவம் 1953-ல் எக்ஸ் கதிர்ப் படங்களிலிருந்தும் மிக நுணுக்கமான அளவுகளிலிருந்தும் உய்த்துணரப்பட்டது. அதே வடிவில் வெட்டிவிட்ட செடியைச் சுற்றி வருபவருக்கு அந்த உழைப்பின் சுவடுகூடத் தெரியப் போவதில்லை. வரிசையாக நிற்கும் சிலைகளும், ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடங்கினார் என்ற பொய்யான எளிமையை மனத்தில் பதித்துவிடும்.

ஆகவே, வெளிநிலத்தில் இடம்பெறும் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஓர் உரைகல்லை வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு காலத்தில் ஒருவர் வெறுங்கண்ணாலோ எளிய கருவியாலோ செய்த ஒரு கவனிப்பை, வருகிறவர் தம் கையால் மறுபடி செய்து பார்க்க அங்கே வழி இருக்கிறதா? கூடத்துக்குள் வெயிலும் மழையும் மண்புழுவும் கிடையாது. அவை வேண்டிய பரிசோதனைகளுக்கெல்லாம் உங்கள் 2.4 ஹெக்டேர்தான் இடம்.

சூரியக் கடிகாரத்திலிருந்து தொடங்கலாம். ஜெய்ப்பூரில் இரண்டாம் சவாய் ஜெய் சிங் கட்டுவித்த சாம்ராட் யந்திரம் 27 மீட்டர் உயரமுள்ளது. அதன் வளைவில் நிழல் நொடிக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நகர்கிறது. நிழலின் ஓரத்தில் விரலை வைத்துவிட்டு ஒரு நிமிடம் பொறுத்தால், நிழல் மூன்று விரற்கடை தூரம் தாண்டிப் போயிருக்கும். பூமி சுழல்வதைக் காலடியில் பார்க்கும் அந்த அனுபவத்துக்கு அவ்வளவு பெரிய கட்டுமானம் தேவையில்லை. 3 மீட்டர் ஆரமுள்ள வளைவு ஒன்றைக் கட்டினால் நிழல் நிமிடத்துக்குச் சுமார் 13 மில்லிமீட்டர் நகரும். சாக்குக்கட்டியால் கோடு போட்டுவிட்டு ஐந்து நிமிடம் காத்திருக்கும் சிறுவனுக்கு அது தாராளமாகப் போதும். கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் கடிகாரத்தை வாங்கிப் பொருத்திவிடாதீர்கள். நிழல் விழச் செய்யும் சாய்வுச் சுவரின் கோணம் உங்கள் இடத்தின் அட்சரேகைக்குச் சமமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் அலங்காரம். உங்கள் இடத்தின் தீர்க்கரேகையால் வரும் மாறாத வேறுபாட்டைக் கழித்துவிட்டால், நவம்பர் தொடக்கத்தில் அது கைக்கடிகாரத்தைவிட 16 நிமிடம் முந்தியும், பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்தியும் காட்டும். அருகிலேயே திருத்தப் பட்டியலைக் கல்லில் பொறித்து வைத்தால், கடிகாரம் கெட்டுவிட்டது என்று நினைத்து வருபவர், பூமியின் பாதை முழு வட்டமில்லை என்பதையும் அதன் அச்சு சாய்ந்திருப்பதையும் தெரிந்துகொண்டு போவார்.

இன்னொன்றையும் அங்கே காண்பீர்கள். சூரியன் வானில் அரை பாகை அகலம் உள்ளது என்பதால் நிழலின் ஓரம் கூர்மையாக இருக்காது. 3 மீட்டர் தொலைவில் இருளிலிருந்து ஒளிக்கு மாறும் பட்டை ஏறத்தாழ இரண்டே முக்கால் சென்டிமீட்டர் அகலம் வரும். அந்த மங்கலில் உண்மையான ஓரம் எது என்று தீர்மானிக்க நால்வரை விட்டால் நான்கு விடை கிடைக்கும். அளத்தல் எவ்வளவு கடினமான கலை என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் காட்சிப்பெட்டி எதையும் நான் பார்த்ததில்லை.

அடுத்தது, எனக்கு மிகவும் பிடித்தது. சார்லஸ் டார்வின் 1842-ல் தம் வீட்டருகே ஒரு புல்வெளியில் உடைத்த சுண்ணக்கட்டிகளைப் பரப்பி வைத்தார். 29 ஆண்டுகள் கழித்து, 1871-ன் நவம்பர் இறுதியில், குறுக்கே ஒரு பள்ளம் வெட்டிப் பார்த்தபோது அந்த வெள்ளைக் கட்டிகள் ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு கோடாகக் கிடந்தன. மண்புழுக்கள் அடியிலிருந்து மண்ணை நாங்கூழ்க் கட்டியாக மேலே கொண்டுவந்து கொட்டியதால் கட்டிகள் தாமாகக் கீழே போயிருந்தன. இதற்கு உங்களுக்கு ஆகும் செலவு சில மூட்டைச் சுண்ணக்கல் மட்டுமே. புல் விதைப்பதற்கு முன் பத்து மீட்டர் சதுரத்தில் பரப்பிவிடுங்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மூலையில் வெட்டிப் பார்க்கலாம். உங்கள் அருங்காட்சியகத்தின் வயதை அந்த வெள்ளைக் கோட்டின் ஆழம் சொல்லும்.

அதே டார்வின் 3 அடிக்கு 2 அடி அளவுள்ள ஒரு துண்டு நிலத்தைக் கொத்திச் சுத்தம் செய்து, முளைத்து வந்த களைச்செடிகளை ஒவ்வொன்றாகக் குறித்துவந்தார். 357 நாற்றுகளில் 295 அழிந்துபோயின. பெரும்பாலானவற்றை நத்தைகளும் பூச்சிகளும் தின்றிருந்தன. வாழ்க்கைப் போராட்டம் என்ற சொல்லுக்குப் பின்னால் இப்படி ஓர் எண்ணிக்கை இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் ஒரு பருவம் முழுவதும் இதைத் தொடர்ந்து எண்ண முடியும்.

தவறான முடிவுகளுக்கும் இடம் கொடுங்கள். வான் ஹெல்மான்ட் ஒரு தொட்டியில் 200 பவுண்டு உலர்ந்த மண்ணை இட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ நாற்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் நீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டுக்கு மேல் வளர்ந்தது; மண்ணில் குறைந்ததோ சுமார் 2 அவுன்ஸ். மரம் முழுவதும் நீரால் ஆனது என்று முடிவுகட்டினார். அளவு துல்லியமானது, முடிவு தவறானது. இதன் பதிவு அச்சில் வந்தது 1648-ல். செடியின் உடலில் பெரும்பங்கு காற்றிலிருந்து வருகிறது என்ற பதிலுக்கு அடுத்த நூற்றாண்டில் பிரீஸ்ட்லியும் இங்கென்ஹவுஸும் வர வேண்டியிருந்தது. ஒரு தொட்டியும் ஒரு பழைய தராசும் வையுங்கள். ஹெல்மான்ட் சொன்னதை மட்டும் பலகையில் எழுதி, அதில் எங்கே பிழை என்று வருபவரைக் கேளுங்கள். விடை இரண்டு தொட்டி தள்ளி, பிரீஸ்ட்லி சோதித்துப் பார்த்த புதினாச் செடியருகே இருக்கட்டும்.

தாழ்ந்த மூலை மழைமானிக்கென்றே அமைந்த இடம். அர்த்தசாஸ்திரம் களஞ்சியத்தின் முன் ஒரு முழ வாயகலமுள்ள கலத்தை வைத்து மழையை அளக்கச் சொல்கிறது. கொரியாவில் 1440-களின் தொடக்கத்தில் ஒரே அளவான மழைமானிகளை ஊர்தோறும் வைத்தார்கள். இத்தாலியில் காஸ்தெல்லி 1639-ல் ஒரு கண்ணாடிக் கலத்தால் அளந்து கலிலியோவுக்கு எழுதினார். மூன்றின் மாதிரிகளையும் அருகருகே வைத்து, ஒரே மழையை மூன்றும் எவ்வளவு காட்டுகின்றன என்று நாள்தோறும் கரும்பலகையில் எழுதிவையுங்கள்.


பதியன்

தாவரத் தோட்டம் ஒன்றில் நாற்றங்காலையும் பாத்திகளையும் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டவன் நான். நிழற்கோல் அம்மா சொன்ன வழி மிகச் சரியானது. அதை நடத்திக்காட்டுபவர் பக்கமிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன், ஏனென்றால் இப்படிப்பட்ட தோட்டங்கள் வரைபடத்தில் பழுதாவதில்லை. மூன்றாம் ஆண்டில் ஆள் இல்லாமல் போகும்போதுதான் பழுதாகின்றன.

மெண்டலின் பட்டாணிப் பாத்தியை எல்லோரும் கேட்பார்கள். அவர் 1856 முதல் எட்டு ஆண்டுகள் உழைத்த மடத்துத் தோட்டத் துண்டு ஏறத்தாழ 35 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் கொண்டது. உங்கள் நிலத்தில் அதே அளவைக் கல் பதித்துக் காட்ட முடியும், அவ்வளவு சிறிய இடமா என்று வருபவர் வியப்பார். ஆனால் உருண்டைப் பட்டாணியை ஒரு வரிசையும் சுருங்கியதை ஒரு வரிசையும் விதைத்துவிட்டால் அங்கே காண ஒன்றுமில்லை. காண வேண்டியது கலப்பின் அடுத்த தலைமுறை. அதற்கு இரண்டு தூய வகைகளையும் தனித்தனியே காப்பாற்றி, மொட்டு விரியும் முன்பே கத்தரியால் மகரந்தப் பைகளை நீக்கி, மற்ற வகையின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவி, உறையிட்டு, கிடைத்த விதைகளை அடுத்த பருவத்தில் விதைக்க வேண்டும். அந்தச் செடிகளில் விளையும் காய்களை உரித்தால் ஒரே காய்க்குள் உருண்டையும் சுருங்கியதும் கலந்து இருக்கும். மெண்டலுக்கு 7,324 விதைகளில் 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை கிடைத்தன. ஒரு கூடைக் காயை மேசையில் கொட்டி, வருபவர்களையே உரித்து எண்ணச் சொல்லிக் கூட்டுத்தொகையை எழுதிவந்தால், காலையில் தாறுமாறாக இருக்கும் விகிதம் மாலைக்குள் மூன்றுக்கு ஒன்றை நெருங்குவதைக் காணலாம். ஆண்டுதோறும் அந்தக் கலப்பைச் செய்ய ஒரு பொறுமையான கை வேண்டும். அந்த ஆளுக்கான சம்பளத்தைக் கட்டடச் செலவுக் கணக்கில் தேடாதீர்கள். நிரந்தரப் பணியிடமாகவே கேட்டு வாங்குங்கள்.

ஜகதீஷ் சந்திர போஸ் ஆராய்ந்த தொட்டாற்சுருங்கியும் தொழுகண்ணியும் கட்டாயம் இருக்க வேண்டியவை. தொழுகண்ணியின் பக்கச் சிற்றிலைகள், வெயிலும் வெப்பமும் உள்ள நேரத்தில், எவரும் தொடாமலே சில நிமிடங்களுக்கு ஒரு முறை சுற்றி வரும். அதன்முன் ஒரு பெஞ்சு போட்டால் போதும். தொட்டாற்சுருங்கியை மண்ணில் விடாதீர்கள், களையாகப் பரவும், தொட்டியில் வளருங்கள். திரும்பத் திரும்பத் தொட்டால் இலை துவண்டு போய், விரிய நேரம் எடுக்கும். ஆகவே கூட்டமுள்ள நாளில் பத்துத் தொட்டிகளை முறை மாற்றி வையுங்கள். ஒரு தொட்டியை மட்டும் ஒளிபுகாத பெட்டியால் மூடி, அதற்குக் கதவு போட்ட ஒரு சிறு துளை வையுங்கள். 1729-ல் டி மைரான் இப்படி இருட்டில் வைத்த செடி, பகல் வந்ததை ஒளியால் அறிய வழியில்லாதபோதும் பகலில் இலை விரித்தது. உடலுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது என்ற எண்ணத்தின் தொடக்கம் அங்கே இருக்கிறது.

நியூட்டனின் ஆப்பிள் மரத்தை நடலாமா என்று குழுவில் யாராவது கேட்பார்கள். ஆப்பிள் விதையிலிருந்து தாய்மரத்தை ஒத்த மரம் வராது. ஒட்டுக்கட்டித்தான் வகையைக் காக்க முடியும். நியூட்டன் பிறந்த ஊரான உல்ஸ்தோர்ப்பில் உள்ள மரத்தின் வழிவந்த ஒட்டுகள் பல நாடுகளில் வளர்கின்றன. கேம்பிரிட்ஜ் தாவரத் தோட்டத்தில் 1954-ல் நட்ட அப்படியொரு மரம் 2022 பிப்ரவரிப் புயலில் சாய்ந்தபோது, அங்கே முன்னதாகவே எடுத்துவைத்த ஒட்டுக்கன்றுகள் இருந்ததால் வழி அறுந்துபோகவில்லை. நடுவதானால் மரபுவழிச் சான்று உள்ள ஒட்டையே நடுங்கள், இரண்டு மாற்றுக் கன்றுகளை நாற்றங்காலில் வையுங்கள். குளிர்காலக் குளிர் போதாத இடமென்றால் ஆசையை விட்டுவிடுங்கள். வாடிய ஒரு குச்சியின் முன் பெரிய பெயர்ப்பலகை நிற்பது வருத்தமான காட்சி.

கடைசியாக, நாற்றங்காலுக்கென மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது பார்வையாளர் கண்ணில் படாத இடமாக ஒதுக்குங்கள். வரைவுகளில் முதலில் வெட்டப்படுவது இதுதான்.


முற்றம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மரங்களைச் சுற்றி நேற்றே கயிறு கட்டிவிட்டோம். வேலிக்கான ஆட்கள் நாளை வருகிறார்கள். வெளியில் வைக்கும் பொறிகளைப் பற்றி யாராவது சொல்ல முடியுமா? அவை இப்போது தார்ப்பாய் போர்த்திய நிலையில் புல்லில் இருக்கின்றன. 180 மீட்டர் பாதைக்கான அடித்தளத்தை ஏற்கெனவே போட்டுவிட்டார்கள் என்பதால் அதைக் கைவிடுவதும் எளிதல்ல.


பழம்பொறி

தார்ப்பாயை இன்றே எடுத்துவிடுங்கள். இரவில் ஈரமண்ணிலிருந்து எழும் ஆவி தார்ப்பாயின் உட்புறத்தில் துளியாகப் படிந்து இரும்பின் மேல் சொட்டுகிறது. காற்று இல்லாததால் காய்வதில்லை. திறந்த வெளியில் நனைந்து காயும் இரும்பைவிடப் போர்த்தி வைத்த இரும்பு விரைவாகத் துருப்பிடிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நீராவி எந்திரத்தின் அடித்தட்டில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். மழை பெய்து ஒரு வாரம் ஆகியிருந்தாலும் விரல் நனையும். வார்ப்புகளில் நீர் தேங்கும் குழிவுகள் எல்லாவற்றையும் தேடிக் கண்டு, பழைய வடிகால் துளைகளில் அடைத்திருக்கும் கிரீஸையும் மண்ணையும் நீக்குங்கள். புதிதாகத் துளையிடாதீர்கள்.

பொறி நிற்க வேண்டியது சற்றே சரிவுள்ள கான்கிரீட் மேடையில்; மேலே கூரை, நான்கு பக்கமும் திறப்பு. மேடையைச் சுற்றி 60 சென்டிமீட்டர் அகலத்துக்கு உடைகல் பரப்புங்கள். புல் மேடை வரை வந்தால், புல்வெட்டும் எந்திரத்தின் நைலான் நூல் ஒவ்வொரு வாரமும் அடிப்பாகத்தின் பெயிண்டைக் கொத்தி எடுக்கும். தெளிப்பு நீர்க்குழாயின் வீச்சு பொறியைத் தொடக் கூடாது. நிழலுக்காக மரத்தடியில் வைக்கவும் வேண்டாம். பறவை எச்சமும் இலைச்சாறும் உலோகத்துக்கும் பெயிண்டுக்கும் கேடு. வெண்கலமும் இரும்பும் நனைந்தபடி தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் இரும்பு முதலில் அரிக்கும். அந்த மூட்டுகளுக்கு ஆண்டுக்கு இருமுறை மெழுகுப் பூச்சு தேவை.

நிழற்கோல் சொன்ன பட்டியலில் காந்த ஊசிப் பரிசோதனை எதையாவது சேர்ப்பதாக இருந்தால், அதை இந்தப் பொறிகளிலிருந்து நிலத்தின் மறுகோடியில் வையுங்கள், அதற்கான கான்கிரீட் மேடைக்குள் இரும்புக் கம்பி கட்டாதீர்கள். கோட்டிங்கனில் காவுஸ் 1833-ல் அமைத்த காந்த ஆய்வகம் இரும்பே இல்லாமல் கட்டப்பட்டது.


நிழற்கோல்

பாதையை வைத்துக்கொள்ளுங்கள், சிலைகளை மட்டும் விடுங்கள். 180 மீட்டர் என்பது உங்களுக்குத் தற்செயலாகக் கிடைத்த நல்ல நீளம். வாயிலில் 5.6 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு வெண்கல உருண்டையைச் சூரியனாக வைத்தால், பூமி 6 மீட்டரில் அரை மில்லிமீட்டர் புள்ளியாக வரும். வியாழன் 31 மீட்டரில், சனி 57 மீட்டரில், யுரேனஸ் 115 மீட்டரில், நெப்டியூன் சரியாகக் கட்டட வாசலில்.

சனியின் இடத்தில் பாதைக்குக் குறுக்கே ஒரு கற்பட்டை பதியுங்கள். பண்டைக் காலம் தொட்டு 1781 வரை மனிதர் அறிந்த கோள்களின் எல்லை அதுதான். உங்கள் பாதையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த ஆண்டில் ஹெர்ஷல் யுரேனஸைக் கண்டபோது எல்லை ஒரே வீச்சில் இரண்டு மடங்காகியது. அடுத்த பட்டை வாசலில், 1846: யுரேனஸின் நடையில் இருந்த பிசகைக் கொண்டு லெவெரியே கணக்கிட்டுச் சொன்ன இடத்துக்கு ஒரு பாகைக்குள் பெர்லினில் காலே நெப்டியூனைக் கண்டார். 57-க்கும் 115-க்கும் இடையில் ஒன்றும் வைக்காதீர்கள், பெஞ்சுகூட வேண்டாம். பலகையைப் படிக்காதவரும் அந்த வெறுமையை நடந்தே கடப்பார்.


முற்றம்

நேற்றுக் கூட்டம் முடிந்தது. சிலைகளும் சுருள் வேலியும் கைவிடப்பட்டன. நீரூற்றுக்கான தொகையில் பாதி நாற்றங்காலுக்கும் ஒரு நிரந்தரத் தோட்டப் பணியிடத்துக்கும் மாற்றப்பட்டது. பட்டாணிக் கலப்பு முதல் ஆண்டில் ஒரே ஒரு பண்போடு தொடங்கும். சூரியக் கடிகாரத்துக்கான இடத்தை, ஆண்டு முழுவதும் கட்டட நிழல் விழாத பகுதி எது என்று பார்த்த பிறகே முடிவு செய்யப் போகிறோம். அடுத்த வாரம் புல் விதைப்பதற்கு முன் சுண்ணக்கட்டிகளைப் பரப்புகிறோம். இடத்தை எப்படி அடையாளம் வைப்பது என்பதுதான் எஞ்சியுள்ள கேள்வி.


வேர்நிலம்

முளை அடிக்காதீர்கள், 29 ஆண்டு நிற்காது. புல் வெட்டுபவர் முதல் வருடமே பிடுங்கிப் போட்டுவிடுவார். சதுரத்தின் நான்கு மூலைகளையும் கட்டடத்தின் இரண்டு மூலைகளிலிருந்து நாடாவால் அளந்து, அந்த எட்டு அளவுகளையும் பரப்பிய தேதியையும் கட்டட வரைபடத்திலேயே எழுதிக் கையெழுத்திட்டு, ஒரு படியை ஆவணக் காப்பகத்தில் சேர்த்துவிடுங்கள். கட்டிகளைக் கோழிமுட்டையைவிடச் சிறிதாக உடையுங்கள்; விதைத்த பிறகு உருளை ஓட்ட வேண்டாம், அது கட்டிகளை அமுக்கிவிடும், பிறகு புழுக்கள் செய்த வேலை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.